ஹேய்ஸ் (கான்சாஸ், அமெரிக்கா), ஜூலை

ஜூலை 6

இன்னிக்கும் போன் வரல.

ஜூலை 8

வீட்ல உக்கார முடியல, வண்டிய எடுத்துட்டு நிக்கோடெமஸ் வரைக்கும் போயிட்டு வந்தேன், அடிமைத்தனத்துல இருந்து விடுபட்ட கருப்பின மக்கள் உண்டாக்கின குட்டி ஊர். கோதுமை அறுத்தாச்சு, வெறும் தாளா நிக்குது. பக்கத்து வயல்ல மைலோ, நம்ம சோளம்தான், குட்டை ரகம். ரோடெல்லாம் மைலுக்கு ஒண்ணு, நூல் புடிச்ச மாதிரி. அந்தக் காலத்து சர்வேல ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதுக்குள்ள 36 செக்‌ஷன், ஒவ்வொண்ணும் 640 ஏக்கர்னு மொத்த கான்சாஸையும் கட்டம் போட்டுட்டாங்க. சாலமன் ஆறு மட்டும் அதுக்கு அடங்காம இஷ்டத்துக்கு வளைஞ்சு போகுது. அதப் பாத்துட்டே ரொம்ப நேரம் நின்னேன்.

ஜூலை 9

தூக்கம் வரல. நிக்கோடெமஸ்ல ஆரம்பத்துல குடியேறின வில்லியானா ஹிக்மன் ஞாபகமாவே இருக்கு. 1878ல கென்டக்கில இருந்து எல்லிஸ் வரைக்கும் ரயில்ல வராங்க, அங்க கூட வந்த பிள்ளைங்களுக்கு தட்டம்மை, சில பிள்ளைங்க செத்தே போச்சு, அப்புறம் வண்டி கட்டிட்டு ரெண்டு நாள் பயணம். நிக்கோடெமஸ் எங்கன்னு கேட்டா புருஷன் கைய நீட்டி தரையில இருந்து வர்ற புகைய காட்டறார். அதான் ஊர். மண்ணத் தோண்டி அதுக்குள்ள குடியிருந்தாங்க. பாத்ததும் அழுதுட்டேன்னு அந்தம்மாவே சொல்லியிருக்காங்க. அடிமைத்தனம் முடிஞ்சு பதிமூணே வருஷம், சொந்த நிலம்னு நம்பி வந்தவங்க. முன்னாடி வருஷம் வந்தவங்ககிட்ட உழ மாடு, குதிரை கூட சரியா இல்ல, மண்வெட்டியால கொத்தித்தான் விதைச்சாங்க. முதல் குளிர்காலத்துல வேட்டை முடிஞ்சு திரும்பிப் போன ஓசேஜ் பழங்குடி ஆளுங்க இறைச்சி குடுத்தாங்கன்னு இன்னிக்கும் அந்த வம்சத்துல சொல்றாங்க. சிலர் திரும்பிப் போயிட்டாங்க. அந்தம்மா போகல. அழுத மறுநாள் காலைல என்ன பண்ணியிருப்பாங்க, அதான் எனக்கு தெரியணும்.

ஜூலை 13

அக்கா போன் பண்ணா. சாப்டியாங்கறத தவிர வேற எதுவும் கேக்கல. நானும் சொல்லல.

ஜூலை 15

ரயில் விஷயம் மனச விட்டுப் போக மாட்டேங்குது. 1887ல இந்த சின்ன ஊர் மிசௌரி பசிஃபிக் ரயில் கம்பெனி வரணும்னு 16,000 டாலர் கடன் பாண்டுக்கு ஓட்டு போட்டுச்சு. பேங்க், ஹோட்டல், பத்திரிகை, சர்ச் எல்லாம் இருந்த ஊரு. வருதுங்கறான், பேசிட்டிருக்கோம்ங்கறான், கடைசில வரல. 1888ல யூனியன் பசிஃபிக் ஆத்துக்கு தெக்கால தண்டவாளம் போட்டுட்டு போயிட்டான். கடைக்காரங்க கட்டடத்தையே பேத்து எடுத்துட்டு அந்தப் பக்கம் போக, அங்க ‘போக்’ (Bogue)ங்கற பேர்ல ஒரு ஊர் வந்துச்சு. சில மைல்தான் தூரம். ஒரு ஊரோட தலையெழுத்த எங்கயோ உக்காந்திருக்கவன் எழுதறான், அதக்கூட இவங்களுக்கு நேரா சொல்லியிருப்பானா? நினைச்சாலே வயிறு எரியுது.

ஜூலை 16

போன் இல்ல. இவர் எங்கிட்ட பேசறதே இல்ல, டிவியே பாத்துட்டிருக்கார்.

ஜூலை 20

மறுபடி போனேன். டவுன்ஷிப் ஹால் 1939ல கட்டினது, சுண்ணாம்புக்கல் சுவர், தொட்டா சுடுது, கைல வெள்ளையா பொடி ஒட்டுது. 1953ல போஸ்ட் ஆபீஸ் போச்சு, 1960ல பள்ளிக்கூடம் போச்சு. ஆனா ஊர் போகல. 1996ல தேசிய வரலாற்றுத் தலமாக்கிட்டாங்க. கொஞ்சம் பேர்தான் இருக்காங்க, இருக்காங்க.

ஜூலை 24

இந்த வாரக் கடைசில ஹோம்கமிங். ஒவ்வொரு ஜூலையும் வருவாங்க, டென்வர், கான்சாஸ் சிட்டி எங்கெங்கயோ இருக்க பேரப்பிள்ளைங்கல்லாம். முன்னாடி ஆகஸ்ட் 1ஐ ஒட்டி கொண்டாடினது, மேற்கிந்தியத் தீவுகள்ல அடிமைகள விடுவிச்ச நாள். எனக்கு அந்தக் கூட்டத்துல போய் நிக்கணும் போல இருக்கு.

ஜூலை 25

போன் வந்துச்சு. திங்கக்கிழமை காலைல ரெண்டு பேரும் வரணுமாம், போன்ல எதுவும் சொல்ல மாட்டாங்களாம். இவர்கிட்ட சனிக்கிழமை பரேடுக்கு போலாமான்னு கேட்டேன், சரின்னுட்டார். தண்ணி கேன், தொப்பி, அந்த மடக்கு சேர்