வாட்ஸ்அப்பில் கேட்கும் நேரமும் காலண்டரில் இருக்கும் நேரமும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பல் கிளினிக்குகளுக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் சில சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும். "அப்பத்தாவுக்குப் பல் காட்டணும், வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிச்சு நேரம் இருக்கா?" என்று பேரன் அங்கிருந்து கேட்பார். கிளினிக் சார்பில் பதில் சொல்ல வைக்கும் ஏஐ உதவியாளருக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை. காலண்டரோடு இணைக்கும் இடத்தில்தான் வேலை இருக்கிறது. நேரம் காலி என்பதையும் பதிவாகிவிட்டது என்பதையும் காலண்டர் கொடுத்த பதிலைப் பார்த்த பிறகே அது சொல்ல வேண்டும். அது பாட்டுக்கு "சரிங்க, வாங்க" என்று சொல்லிவிட்டால், கண்டனூரிலிருந்து பஸ் ஏறி வந்த அப்பத்தா வாசலில் உட்கார்ந்திருப்பார்.

காலண்டரைத் தொட ஏஐக்குக் கொடுக்கும் கருவிகள் நான்கு போதும்: காலி நேரம் பார்க்க, பதிய, மாற்ற, ரத்து செய்ய. கூகுள் காலண்டர் என்றால் கூகுளின் கிளவுட் கன்சோலில் ப்ராஜெக்ட் திறந்து, காலண்டர் ஏபிஐயை (நிரல்கள் காலண்டரோடு பேசும் வழி) இயக்கி, ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்கு அல்ல, நிரலுக்கான கணக்கு) உருவாக்க வேண்டும். டாக்டரின் சொந்தக் காலண்டரைத் தொடாமல் கிளினிக்குக்குத் தனிக் காலண்டர் ஒன்று திறந்து, சர்வீஸ் அக்கவுன்டின் மின்னஞ்சல் முகவரிக்கு அதை ஷேர் செய்து, நிகழ்வுகளை மாற்றும் அனுமதி கொடுக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். மாதிரி நிரல்களில் காலண்டர் ஐடி இருக்கும் இடத்தில் 'பிரைமரி' என்று இருக்கும். அதை அப்படியே விட்டால் அது சர்வீஸ் அக்கவுன்டின் சொந்தக் காலண்டரைக் குறிக்கும். அந்தக் காலண்டரில் ஒன்றுமே இருக்காது. அதனால் எந்த நேரம் கேட்டாலும் காலி என்றே வரும். பதிவும் வெற்றி என்றே வரும். கிளினிக் திரையில் மட்டும் எதுவும் தெரியாது. காலண்டர் செட்டிங்ஸில் உள்ள ஐடியை எடுத்துப் போட வேண்டும். ஷேர் செய்ய மறந்திருந்தாலும் எல்லா நேரமும் காலி போலவே தெரியும். காலி நேரம் கேட்கும் ஃப்ரீபிஸி அழைப்பு 200, அதாவது எல்லாம் சரி என்றே பதில் தரும். பிஸி பட்டியல் வெறுமையாக இருக்கும். பிழை அந்தக் காலண்டரின் கீழே 'எரர்ஸ்' என்ற பகுதியில் ஒளிந்திருக்கும். அந்தப் பகுதியைப் படிக்காத நிரலை நான் நம்பவே மாட்டேன்.

சர்வீஸ் அக்கவுன்ட் இல்லாமல் டாக்டரின் கூகுள் உள்நுழைவு வழியாக இணைப்பவர்கள், அனுமதித் திரையை 'டெஸ்டிங்' நிலையிலேயே விட்டுவிடுவார்கள். மறுபடி உள்நுழையாமல் இணைப்பைத் தொடர வைக்கும் ரிஃப்ரெஷ் டோக்கன் அப்போது 7 நாளில் காலாவதியாகும். ஒரு வாரம் அருமையாக ஓடிவிட்டு இணைப்பு நின்றுபோவதற்கு முதலில் பார்க்க வேண்டிய காரணம் அது.

விடுப்பு இன்னொரு பொறி. பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக்கு டாக்டர் இல்லை என்று முழுநாள் நிகழ்வாக 'லீவு' போட்டால், கூகுள் அதை இயல்பாகவே 'ஃப்ரீ' என்று வைக்கும். ஃப்ரீபிஸி அதைக் கணக்கில் எடுக்காது. உதவியாளர் அந்த நாளிலும் ஆள் சேர்க்கும். 'பிஸி' என்று மாற்றச் சொல்லி வரவேற்பில் இருப்பவருக்குப் பழக்கிவிட வேண்டும்.

இன்று என்ன தேதி, என்ன கிழமை என்பது ஏஐக்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு உரையாடலிலும் இந்திய நேரத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிழமைக்கும் தேதிக்கும் உள்ள பொருத்தத்தை நிரலே கணக்கிடட்டும். ராகு காலத்துக்கும் நிரலில் ஒரு அட்டவணை வைத்துவிடலாம். வெள்ளி என்றால் 10:30 முதல் 12 வரை. ஏஐயின் நினைவை அதற்கு நம்ப வேண்டாம். காலண்டருக்கு நேரத்தை அனுப்பும்போது இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30 கட்டாயம். அது விடுபட்டு யூடிசி (உலகப் பொது நேரம்) என்று போனால் மாலை 5:30 அப்பாயின்ட்மென்ட் காலண்டரில் இரவு 11 மணிக்குப் போய் உட்காரும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், +65 எண்ணிலிருந்து கேட்பவருக்கு உறுதிச் செய்தியில் கிழமை, தேதி, 'இந்திய நேரம் மாலை 5:30' என மூன்றும் இருக்க வேண்டும்.

ஒரே நேரத்தை இருவர் கேட்டால் கூகுள் தடுக்காது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டையும் பதிந்துகொள்ளும். எல்லா அப்பாயின்ட்மென்ட்டும் ஒரே நீளம் என்றால் தேதியையும் நேரத்தையும் வைத்தே நிகழ்வு ஐடியை நாமே அமைக்கலாம். இரண்டாவது பதிவு பெரும்பாலும் 409, அதாவது இந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழையோடு திரும்பிவிடும். ஆனால் ரத்தான நிகழ்வின் ஐடியும் உயிரோடுதான் இருக்கும். அதே நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்கும்போதும் 409 வரும். பழைய நிகழ்வையே புதுப்பித்து மறுபடி உறுதி நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வேர் சிகிச்சைக்கு 45 நிமிடம், பல் பிடுங்க 30 என்று நீளம் மாறும் கிளினிக்கில் இது எடுபடாது. ஒரு நேரத்தை ஒருவர் பதியும்போது இன்னொருவர் எடுக்க முடியாதபடி தனித் தரவுத்தளத்தில் பூட்டு வைப்பதே சரி.

நிகழ்வின் தலைப்பில் பெயரும் டோக்கன் எண்ணும் போதும், நோய் விவரம் வேண்டாம். முதல்நாள் நினைவூட்டலைச் சாதாரணச் செய்தியாக அனுப்பப் பார்த்தால் போகாது. நோயாளி கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்திருந்தால், முன்பே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் செய்தியை மட்டும்தான் வாட்ஸ்அப் அனுமதிக்கும்.