0.69 என்ற எண் தின்ற மூன்று வாரம்

வால்வெள்ளித் தூசியின் ஒளிச்சிதறலைக் கணக்கிடப் போகிறவர்கள் வேலையைத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். முனைவர் பட்ட முதல் ஆண்டில் எனக்கு இதற்கு ஐந்து மாதம் ஆனது. அதில் மூன்று வாரம் ஒரே ஓர் எண்ணால் போனது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

வால்வெள்ளியின் தூசியில் பட்டுச் சிதறி வரும் வெயிலில் தளவிளைவு, அதாவது போலரைசேஷன் (ஒளி ஒரு தளத்தில் கூடுதலாக அதிர்வது; எந்தத் தளம் என்பதைக் குறி காட்டும்), இருக்கும். வால்வெள்ளியிலிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையில் இருக்கும் ஃபேஸ் கோணம் சுமார் 20 டிகிரிக்குக் கீழே என்றால் அது எதிர்க்குறியில் ஒன்றிரண்டு சதவீதம். 90, 100 டிகிரி பக்கம் போனால் நேர்க்குறி. தூசி மிகுந்த வால்வெள்ளிகளில் 25 சதவீதத்தை ஒட்டி வரும். இந்த வளைகோட்டைக் கணினியில் வரவழைப்பதுதான் என் வேலை. உருண்டைத் துகளுக்கு குஸ்தாவ் மீ என்ற இயற்பியலாளர் 1908-இல் கொடுத்த தீர்வு இருக்கிறது, இரண்டு நாளில் முடிந்தது. ஆனால் அசல் தூசி, சின்னச் சின்ன மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிய திரள். அதற்கு டைபோல் முறைதான், அதாவது துகளை டைபோல் என்ற சின்னப் புள்ளிகளாகப் பிரித்துக் கணக்கிடுவது, பர்செல்லும் பென்னிபேக்கரும் 1973-இல் கொண்டுவந்தது. அதற்காக டிரெய்னும் ஃபிளாட்டோவும் எழுதிய டிடிஸ்காட் என்ற நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. நிறுவுவதில் எந்தத் தொல்லையும் இல்லை.

ஒளிவிலகல் எண்ணில்தான் சறுக்கினேன். டிரெய்னின் சிலிக்கேட் (பாறைக் கனிமம்) கோப்பை இறக்கி, அதிலிருந்து அலைநீளம், ஒளிவிலகல் எண்ணின் மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று மூன்று நெடுவரிசைகளை வெட்டி ஒட்டினேன். பச்சை ஒளிக்கு மெய்ப்பகுதி 0.69 என்று இருந்தது. அப்படியே போட்டேன். சோதனைக்கு ஓர் உருண்டையை டிடிஸ்காட்டிலும் மீ நிரலிலும் ஓட்டினேன். ஒரு சதவீதத்துக்குள் இரண்டும் பொருந்தின. சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று திரள்களுக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து என் கைடு மேடம் உள்ளீட்டுக் கோப்பைப் பார்க்கணும் என்றார். பென்சிலை அந்த 0.69 மேல் வைத்தார். "இது என்ன பொருள்மா? கண்ணாடிக்கே ஒன்றரை ஆச்சே. பாறைத் தூசிக்கு ஒன்னுக்குக் கீழேயா?" மூலக் கோப்பைத் திறந்தோம். அந்த நெடுவரிசை ஒளிவிலகல் எண்ணிலிருந்து 1 கழித்த மதிப்பு என்று தலைப்பு வரியிலேயே எழுதியிருந்தது. உண்மை எண் 1.69. இரண்டு நிரல்களுக்கும் ஒரே தப்பான எண்ணை ஊட்டியிருக்கிறேன், அதனால்தான் அவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கின்றன. அந்தச் சோதனை நிரலைத்தான் சோதித்தது, என் உள்ளீட்டை இல்லை. அச்சில் வந்த ஓர் எண்ணோடும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதே ரகத்தில் இன்னும் இரண்டு உண்டு. சில புத்தகங்களில் கற்பனைப் பகுதி கூட்டல் குறியோடு வரும், சிலவற்றில் கழித்தல் குறியோடு. குறி மாறினால் துகள் ஒளியை விழுங்காமல் தானே உமிழ்வதாகக் கணக்கு வரும். உட்கவர்தல் எதிர்க்குறியில் வந்தால் உடனே நிறுத்துங்கள். அப்புறம் கோணம். நிரல் தருவது சிதறல் கோணம், வானியலாளர்கள் வரைவது ஃபேஸ் கோணம். 180-இலிருந்து கழிக்க மறந்தால் வளைகோடு இடவலம் மாறி நிற்கும். நான் அதை வைத்து ஒரு மதியம் முழுக்க இயற்பியல் விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கணினி. 0.1 மைக்ரான் ஆரமுள்ள 128 மணிகள். சிதறல் கோணவாரியாகச் சரியாக வர வேண்டுமென்றால் ஒளிவிலகல் எண், அலை எண் (2π/அலைநீளம்), டைபோல் இடைவெளி மூன்றின் பெருக்கல் அரைக்குக் கீழே இருக்க வேண்டும். ஒவ்வொரு மணித்துகளுக்கும் கிட்டத்தட்ட 270 டைபோல், மொத்தம் 34 ஆயிரம் போலத்தான். லேப்டாப்பே தாங்கும் என்று நினைத்தேன். ஆனால் நினைவகத்தைத் தின்பது டைபோல்கள் இல்லை, திரளைச் சுற்றி நிரல் போடும் புள்ளிக் கட்டமான பெட்டி. என் திரள் பரந்து விரிந்தது, பெட்டி பக்கத்துக்கு 140 புள்ளி, மொத்தம் 27 லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி வெற்றிடம். 4 ஜிபி லேப்டாப் உறைந்து போனது.

வேறு ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித் தொகுப்பில் இடம் கேட்டோம். இணையத்தில் விண்ணப்பித்தாகிவிட்டது, அசல் படிவத்தை நேரில் தர வேண்டுமாம். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். கவுண்டரில் இருந்தவர் புரட்டிப் பார்த்து, "துறைத் தலைவர் கையெழுத்து இருக்கு, சீல் இல்லையே" என்று திருப்பித் தந்தார். ஸ்கேன் செய்து அனுப்பலாமா என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றே திரும்பினேன். மறுவாரம் சீலோடு போனால், போனஃபைடு சான்றிதழ் போன கல்வியாண்டு தேதியில் இருக்கிறதாம். அதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம், படிவத்தோடு சேர்த்துத்தான் குத்தியிருந்தது. கிளம்பும் முன் போன் செய்து ஒவ்வொரு தாளாக வாசித்துக் காட்டுங்கள், எல்லாவற்றிலும் இரண்டு நகல் வையுங்கள். மூன்றாவது பயணத்தில்தான் கணக்குத் திறந்தார்கள்.

அங்கே ஒரு வேலைக்கு 48 மணி நேரம்தான். திரளைப் பல திசைகளில் திருப்பிச் சராசரி எடுக்க அது போதாது, பாதியில் வெட்டிவிட்டது. எல்லாத் திசைகளையும் ஒரே வேலையாகப் போடாதீர்கள். துண்டு துண்டாக அனுப்பி, கடைசியில் நீங்களே சராசரி எடுங்கள்.

போன வியாழன் இரவு கடைசித் துண்டு முடிந்தது. வரைந்து பார்த்தேன். 15 டிகிரிக்குக் கீழே கோடு சுழியத்துக்கு அடியில் இறங்கியிருந்தது. ஒரு சதவீதம்கூட இல்லை, மெல்லிய ஒரு பள்ளம். நிரலைத் திரும்ப ஓட்டினேன், அப்போதும் இருந்தது. மேடத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன். 90 டிகிரி பக்கம் உச்சம் வால்வெள்ளியைவிட ரொம்ப மேலே நிற்கிறது. சிலிக்கேட்டோடு கரியும் கலந்து, மணியின் அளவையும் மாற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கரியின் கோப்பை இறக்கியதும் முதலில் தலைப்பு வரியைத்தான் படித்தேன்.