பஞ்சுவும் நானும் பிராங்க்பர்ட் வந்து சேர்ந்த கதை

பஞ்சு எங்க அபார்ட்மென்ட் பைக் பார்க்கிங்ல மழையில நனைஞ்சு கத்திக்கிட்டு இருந்த பூனைக்குட்டி, மூணு வருஷமா என் கால்மாட்டுலதான் தூக்கம். என் வீட்டுக்காரருக்கு ஜெர்மனில வேலை கிடைச்சு முதல்ல கிளம்பிட்டாரு. நான் கிளம்பணும்னு வந்தப்போ அம்மா, "யாருக்காவது குடுத்துட்டுப் போடி, அங்க வேற பூனை வாங்கிக்கலாம்"னாங்க. வேற பூனை பஞ்சு ஆகுமா?

சென்னையில இருந்து பூனையைக் கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கிறவங்க டிக்கெட்டைப் பத்தி அப்புறம் யோசிங்க, முதல்ல ரத்த டெஸ்ட். ஐரோப்பிய யூனியனுக்குள்ள இந்தியாவுல இருந்து போற பூனைக்கு தோலுக்கு அடியில 15 இலக்க அடையாள நம்பரோட மைக்ரோசிப் இருக்கணும், அதுக்கப்புறம்தான் ரேபிஸ் ஊசி, ஊசி போட்டு 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து அவங்க அங்கீகரிச்ச லேபுக்கு அனுப்பணும், ரத்தத்துல ரேபிஸ் எதிர்ப்பு சக்தி 0.5 IU/ml-க்குக் குறையக் கூடாது, ரத்தம் எடுத்த தேதில இருந்து மூணு மாசம் காத்திருக்கணும். எங்களுக்கு அடி விழுந்தது இங்கதான். நாங்க போன கிளினிக்ல ஊசியை முதல்ல போட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு சிப் வெச்சாங்க, அந்த ஊசி கணக்குலயே வராதுன்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. மறுபடி ஊசி, மறுபடி 30 நாள். அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவளை மடில வெச்சுக்கிட்டு அழுதேன். ரெண்டும் ஒரே நாள்ல போட்டாக்கூட பரவாயில்ல, ஆனா சிப்புக்கு முன்னாடி ஊசி போட விடாதீங்க, தேதியை நீங்களே கார்டுல பாருங்க.

கடைசில மத்திய அரசோட விலங்கு குவாரன்டைன் ஆபீஸ்ல ஹெல்த் சர்டிபிகேட் வாங்கணும், அதுல கையெழுத்தான பத்து நாளுக்குள்ள அங்க போய் இறங்கிடணும். ஏர்லைன்ல பூனையை வெச்சுத் தூக்கிட்டுப் போற பையோட சேர்த்து 8 கிலோ வரைக்கும் கேபின்ல விட்டாங்க, பஞ்சு பையோட ஆறரை. ஒரு பிளைட்ல இத்தனை பிராணிதான்னு கணக்கு இருக்கறதால டிக்கெட் போட்ட அன்னைக்கே போன் பண்ணி சொல்லிடுங்க. பையை ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கி, அம்மாவோட பழைய காட்டன் புடவையை உள்ள விரிச்சு ஹால்ல திறந்தே வெச்சிருந்தேன், அவளே போய்ப் படுக்க ஆரம்பிச்சா. தூக்க மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, மேல போனதும் மூச்சு, பிரஷர் ரெண்டும் இறங்கிட வாய்ப்பு இருக்காம்.

எனக்கு ரொம்ப பயமா இருந்தது செக்யூரிட்டிதான். பை எக்ஸ்ரேல போகும், பூனையை நாமதான் கையில தூக்கிட்டு நடக்கணும். ஓடிடாம இருக்க உடம்புல மாட்டுற ஹார்னஸ் பட்டை போட்டிருந்தேன். அவ நகம் என் தோள்ல இறங்கிடுச்சு, மூஞ்சியை என் கழுத்துல புதைச்சுக்கிட்டா, நெஞ்சு படபடன்னு அடிச்சது எனக்கே கேட்டுச்சு. பிளைட்ல பத்து மணி நேரம் கிட்ட சத்தமே இல்ல, அப்பப்போ விரலை உள்ள விடுவேன், நக்கிட்டுப் படுத்துக்குவா. கிளம்புறதுக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்தினது நல்லதாப் போச்சு, ஒண்ணுக்குப் போனா உறிஞ்சிக்கன்னு உள்ள போட்டிருந்த பேட் காய்ஞ்சே இருந்துச்சு.

பிராங்க்பர்ட்ல பேப்பர் பாத்தாங்க, சிப்பை ஸ்கேன் பண்ணி நம்பரை ஒவ்வொண்ணா சரி பாத்தாங்க, விட்டுட்டாங்க.

ரெண்டு நாள் சோபாவுக்கு அடியிலேயே இருந்தா. மூணாவது நாள் ராத்திரி அந்தப் புடவையைக் கட்டில்ல விரிச்சு வெச்சேன், மெதுவா வந்து மோந்து பாத்துட்டு முன்னங்காலால மிதிச்சு மிதிச்சு படுத்துக்கிட்டா. அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். "இளைச்சுட்டாளேடி, சாப்பிட்டாளா?"ன்னு உடனே போன் வந்துடுச்சு.