இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மில்லி

என் மகள் 30-வது வாரத்தில் பிறந்தாள். எனக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் அவசர ஆபரேஷன். எடை 1,250 கிராம். நுரையீரல் முதிர வேண்டும் என்று முன்பே எனக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள். எல்லோருடைய பயமும் மூச்சைப் பற்றித்தான். அது நான்கே நாளில் சீராகிவிட்டது. எங்களை ஆட்டிவைத்தது வயிறு.

முதல் நாள் கையால் பிழிந்தபோது வந்த சீம்பால் கிண்ணத்தின் அடியைத்தான் நனைத்தது. "இவ்வளவுதான் சிஸ்டர் வருது" என்று அழுதேன். "அவ குடிக்கப்போறதே ஒரு மில்லிதாம்மா" என்று சொல்லி சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மில்லி, வாய் வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாயில். பசிக்குத் தேவையானது நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருந்தது. இந்த ஒரு மில்லி குடலைப் பழக்குவதற்கு என்று டாக்டர் மேடம் விளக்கினார். குடலும் குறைமாதத்தில்தானே பிறந்திருக்கிறது, பாலைக் கீழே தள்ளும் அசைவு அதற்கு இன்னும் ஒழுங்காக வரவில்லை.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒன்பதாம் நாள் 8 மில்லிக்கு வந்திருந்தோம். அன்று இரவு பால் கொண்டுபோனபோது சிஸ்டர் வாங்கவில்லை. வயிறு உப்பி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு இருந்தது. குழாயில் இழுத்துப் பார்த்ததில் பச்சையாக வந்திருக்கிறது. பச்சை என்றால் பித்தநீர். எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள். பால் முழுக்க நிறுத்தம். குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் சுவர் புண்ணாகி அழுகிப்போகும் ஒரு நோய் உண்டு, என்.ஈ.சி. என்பார்கள். அதுவாக இருக்குமோ என்றுதான் சந்தேகம். குடல் சுவருக்குள் காற்றுக் குமிழி தெரிகிறதா, மலத்தில் ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குடல் ஓட்டையானால் ஆபரேஷன் என்றும் சொல்லிவிட்டார்கள்.

என் பால்தான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அன்றிரவு பிழியாமல் படுத்துவிட்டேன். விடிந்ததும் டாக்டர் மேடம் என் கட்டிலுக்கே வந்துவிட்டார். பவுடர் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிப்பவர்களுக்கு இந்த நோய் குறைவாகத்தான் வரும், அவள் திரும்பக் குடிக்கும்போது பால் வற்றியிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அதன்பிறகு ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. ராத்திரி 2 மணிக்கும் அலாரம் வைத்து எழுந்தேன். மீந்ததை அங்கிருந்த தாய்ப்பால் வங்கிக்குக் கொடுத்தேன். பரிசோதித்து, 62.5 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கி, பால் ஊறாத அம்மாக்களின் குழந்தைகளுக்குத் தருவார்கள். என் பிள்ளை பட்டினி கிடந்த அந்த நாட்களில் என் பாலை வேறொரு குழந்தை குடித்தது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

எக்ஸ்ரேக்களில் காற்றுக் குமிழி தெரியவில்லை. பால் நிறுத்திய ஐந்தாம் நாள் வயிறு தளர்ந்தது. மறுபடியும் ஒரு மில்லியிலிருந்து ஆரம்பம்.

இந்த முறை கூடவே கங்காரு முறையும் இருந்தது. குழந்தையை என் நெஞ்சுக்கூட்டில் தோலோடு தோலாக நிமிர்த்திக் கட்டிவிடுவார்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியதாம். கட்டியிருக்கும்போதே குழாயில் பால் இறங்கும். அவள் வயிறு கடமுடவென்று இரைவது என் தோலில் தெரியும். அந்தச் சத்தத்துக்காகவே மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கர்ப்பக் கணக்கில் 34 வாரம் ஆனபின்தான் உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதைச் சேர்த்துச் செய்யக் கற்றுக்கொண்டாள். மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் கொடுத்தோம், அப்புறம் மார்பில். 42-ம் நாள், 1,800 கிராமில் வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் வேறு பாடு. குடித்ததும் எதுக்களிப்பாள். ஏப்பம் வரவைத்து, அரைமணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருப்போம். இரும்புச்சத்து சொட்டு மருந்து கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்ததால் தப்பித்தோம். அத்தை வசம்பைச் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏழு பிள்ளைகளுக்கு உரைமருந்து கொடுத்து வளர்த்த கை அது, வெறுமனே வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போனேன். அவர் நேரடியாக மேடத்திடமே கேட்டார். தாய்ப்பாலும் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தும் தவிர ஆறு மாதத்துக்கு வாயில் எதுவும் படக்கூடாது, அந்த ஆறு மாதத்தையும் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்றார் மேடம். அத்தை வரும் வழியெல்லாம் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா கிரைப் வாட்டர் கொண்டுவந்தார். வாசலிலேயே நிறுத்தியது அத்தைதான். "கக்குறது வெள்ளையா இருந்தா தோள்ல போட்டுக்கலாம்டி. பச்சையா கக்கினாலோ, வயிறு கல்லு மாதிரி ஆனாலோ, நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தோளில் இவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.