கேஸ்டெய்க் முதல் கிளியர் லேக் வரை: கையைக் கடிக்காத செலவில் ஸ்விம்பெயிட் தூண்டில்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஐ-5 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 65 கிலோமீட்டர் போனால் கேஸ்டெய்க் ஏரி. பெரிய பாஸ் மீனைப் பெரிய லூர் (செயற்கை இரை) போட்டுப் பிடிக்கும் வித்தை வளர்ந்த ஊர்களில் இது முக்கியமானது. 1991-ல் பாப் க்ரூப்பி இங்கே பிடித்த பாஸ் 22 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், அதாவது ஏறக்குறைய 10 கிலோ. 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த உலக சாதனை மீனே 22 பவுண்டு 4 அவுன்ஸ்தான்.

தெற்கு கலிபோர்னியாவில் மீன்கள் இப்படிப் பெருத்ததற்கு இரண்டு காரணங்கள். 1959-ல் சான் டியேகோ பக்கத்து அப்பர் ஓட்டே நீர்த்தேக்கத்தில் புளோரிடா இன பாஸைக் கொண்டுவந்து விட்டார்கள்; அங்கிருந்து மற்ற ஏரிகளுக்கும் அந்த இனம் போனது. இன்னொரு பக்கம், பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்களுக்காகக் குளிர்காலத்தில் ரெயின்போ டிரவுட் மீன்களை லாரி லாரியாக ஏரிகளில் விட்டார்கள். கொழுத்த டிரவுட்டைத் தின்று பழகிய பாஸுக்கு விரல் நீளப் புழுவெல்லாம் பொருட்டே இல்லை. 6 முதல் 10 அங்குலம் வரை மீன் வடிவில் செய்த ஸ்விம்பெயிட் பிறந்த கதை இதுதான்.

கையால் செதுக்கிய மர லூர் சில நூறு டாலருக்கு விற்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். இந்தப் பழக்கத்தில் பணம் கரைவது லூர் வாங்கும் கடையில் இல்லை. வாங்கிய லூரை ஏரியின் அடியில் விட்டுவிட்டு வருவதில்தான். 25 டாலர் லூரை இரண்டு வருடம் காப்பாற்றத் தெரிந்தவருக்கு இது மலிவான பழக்கம். ஒரு காலையில் மூன்றை அறுத்துக்கொள்பவருக்கு எந்தச் சம்பளமும் போதாது. பையில் என்ன வைப்பது, எப்படி வீசுவது, எங்கே நிற்பது எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யுங்கள்.

கிளம்பும் முன் பையில்

ஏழரை அடி ஹெவி ராட் (விறைப்பான தூண்டில் கோல்) ஒன்று வீட்டில் இருந்தால் புது ராட் வாங்காதீர்கள். ராடின் கைப்பிடிக்கு மேலே அது தாங்கும் லூர் எடை அச்சிட்டிருக்கும். ஒன்றரை அல்லது 2 அவுன்ஸ் என்று இருந்தால் தொடக்கத்துக்கு அதுவே தாராளம். அந்த எழுத்தை மதியுங்கள். ஒரு அவுன்ஸ் 28 கிராம். 1 அவுன்ஸ் ராடில் 3 அவுன்ஸ் லூரைக் கட்டி வேகமாக வீசினால் நுனி முறியும். புதிதாக வாங்குவதானால் எட்டடிக்கு ஒட்டி, 1 முதல் 4 அவுன்ஸ் வரை தாங்கும் ஸ்விம்பெயிட் ராட் 100 முதல் 150 டாலருக்குள் கிடைக்கும். குச்சிபோல் விறைப்பாக இருப்பதை விட, நடுப்பகுதி வரை வளைகிற ராட் நல்லது. கனமான லூரை வளைந்து ஏந்தித் தள்ளும். பெரிய மீன் தலையை உதறும்போது கொக்கி கிழித்துக்கொண்டு வராமல் காக்கும்.

ரீல் விஷயத்தில் 300 அளவுள்ள பெய்ட்காஸ்டர் போதும்; ராடின் மேல் உட்கார்ந்து, ஸ்பூல் என்ற உருளையில் லைனைச் சுற்றும் ரீல் அது. பழைய உருண்டை ரீல்கள் செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்கு வரும்; பற்சக்கரம் கரகரக்காமல், டிராக் (மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் பிரேக்) சீராக இழுத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கியர் விகிதம், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் சுற்றும் எண்ணிக்கை, 5-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கட்டும். வேகமான ரீல் கையை அவசரப்படுத்தும். ஸ்விம்பெயிட்டுக்கு அவசரம் ஆகாது.

லைனில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மேல்மட்டத்தில் ஓட்டும் லூருக்கு 20 பவுண்டு தங்கூசி நரம்பு, அடிமட்டத்தில் ஊர்ந்து வரும் லூருக்கு தண்ணீரில் மூழ்கும் 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் லைன். 65 பவுண்டு பின்னல் நூல் அறுகாதுதான். ஆனால் பழகாத கையில் அது ஸ்பூலுக்குள் புதைந்து சிக்கும், அடுத்த வீச்சு பாதியில் நின்றுவிடும். முதல் வருடம் தங்கூசியே நல்லது.

லூர் மூன்று வகை போதும்.

ஒன்று, கைடெக் ஃபேட் ஸ்விங் இம்பாக்ட் 4.8 அங்குலம். பாக்கெட்டுக்கு 5 இருக்கும். போனாலும் மனம் வலிக்காத விலை. வால் ஆடும் மென்பிளாஸ்டிக் மீன் இது. முக்கால் பங்கு நேரம் இதைத்தான் வீசப்போகிறீர்கள்.

இரண்டு, ரிவர் டூ சீ எஸ்-வேவர் 168. நடுவில் ஒரே மூட்டு உள்ள ஆறரை அங்குல கிளைடு லூர் (இடமும் வலமும் வழுக்கி நீந்துவது), எடை ஒன்றரை அவுன்ஸை ஒட்டி. சாதாரண ஹெவி ராடிலும் வீசலாம் என்பதுதான் இதன் அருமை.

மூன்று, ஹடில்ஸ்டன் 8 அங்குல டிரவுட். 2 அவுன்ஸுக்கு மேல் எடை இருப்பதால் ஸ்விம்பெயிட் ராட் கைக்கு வந்த பிறகு வாங்கினால் போதும். இதன் உறையில் ஆர்.ஓ.எஃப். என்று ஓர் எண் இருக்கும். 10 நொடியில் எத்தனை அடி மூழ்கும் என்பதே அது. 12 என்றால் 10 நொடியில் 12 அடி. 24 அடி ஆழத்தில் போட்டுவிட்டு 20 நொடி எண்ணினால் அடியைத் தொட்டிருக்கும். ஆழம் தெரியாத கரையில் இதுவே அளவுகோல்: லைன் தளரும் வரை எண்ணி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கைடெக்கைக் கோர்ப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அரிசி குத்தியதுபோல் அவசரமாகக் குத்தக் கூடாது. 3/8 அவுன்ஸ் ஜிக்ஹெட்டை (தலையில் எடை வைத்த கொக்கி) லூரின் பக்கவாட்டில் வைத்து, கொக்கியின் வளைவு எந்த வளையத்துக்கு நேராக வருகிறது என்று பார்த்து, அங்கே நகத்தால் ஒரு குறி கீறுங்கள். மூக்கின் நட்டநடுவில் முனையை ஏற்றி, முதுகுத் தசைக்குள்ளேயே நேராக ஓட்டி, குறியிட்ட இடத்தில் வெளியே எடுங்கள். தலையை ஒட்டுவதற்கு முன் கழுத்தில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. பிறகு கண்ணுக்கு நேரே பிடித்து வால் பக்கமிருந்து பாருங்கள். உடல் ஓர் இழை கோணினாலும் தண்ணீரில் பக்கவாட்டில் சாய்ந்து சுழலும். லைன் முறுக்கேறும், மீன் தொடாது. கோணியிருந்தால் இழுத்து நிமிர்த்தப் பார்க்காமல் கழற்றி மறுபடி கோர்த்துவிடுங்கள்.

ஹடில்ஸ்டனில் முதுகில் ஒரு கொக்கிதான் இருக்கும். வாலைக் கடித்துவிட்டுப் போகும் மீனுக்காக வயிற்றில் ஒரு ட்ரெபிள் கொக்கி (மூன்று முள் உள்ளது) சேர்க்க வேண்டும். 60 பவுண்டுக்குக் குறையாத நூலை லூரின் முன்வளையத்தில் கட்டி, மறுமுனையில் ட்ரெபிளைக் கட்டி, அதன் ஒரு முள்ளை மட்டும் வயிற்றின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் லேசாகக் குத்தி வையுங்கள். மீன் சிக்கியதும் முள் உடலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் மீன் லூரின் எடையை நெம்புகோலாக்கிக் கொக்கியை உதறாது. நூல் இறுக்கமாக இருந்தால் லூர் வளைந்து நீந்தும். ஒரு விரல் தளர்வு வேண்டும்.

கேஸ்டெய்க் லகூன்: வீசிப் பழகும் இடம்

அணைக்குக் கீழே உள்ள சிறிய நீர்ப்பரப்பு லகூன். மோட்டார் படகு இல்லை, கரையோரமாக நடந்துகொண்டே வீசலாம். 16 வயது நிரம்பிய எவருக்கும் கலிபோர்னியா மீன்பிடி உரிமம் கட்டாயம். வருட உரிமம் வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். பயணிகளுக்கு ஒரு நாள், இரண்டு நாள் உரிமங்களும் உண்டு. வாகன நுழைவுக் கட்டணம் தனி.

கனமான லூரைச் சாட்டைபோல் வெடுக்கென்று வீசக் கூடாது. ராட் நுனியிலிருந்து இரண்டு அடி லைனைத் தொங்கவிட்டு, பின்னால் மெதுவாகக் கொண்டுபோய், லூரின் எடை ராடை வளைப்பதைக் கையில் உணர்ந்த பிறகு கல்லைத் தூக்கிப் போடுவதுபோல் தள்ளுங்கள். இங்கே நடக்கும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஸ்பூல் வேகமாகச் சுற்றி லைன் குருவிக்கூடாகச் சிக்கினால் ஸ்பூல் சட்டென்று நின்றுவிடும், 2 அவுன்ஸ் லூரோ முழுவேகத்தில் பறந்துகொண்டிருக்கும். 20 பவுண்டு லைன் நூலிழைபோல் அறுந்து, லூர் ஏரி நடுவே போய் விழும். தடுக்க வழி எளிது: லூர் தொங்கும்போது ஸ்பூல் மெல்ல இறங்குமளவு ரீலின் பக்கவாட்டிலுள்ள டென்ஷன் குமிழை முறுக்கி வையுங்கள், லூர் தண்ணீரைத் தொடும் முன் கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்துங்கள். முதல் அரைமணி நேரம் பாதித் தூரத்துக்கு மட்டும் வீசினால் கட்டைவிரல் கற்றுக்கொள்ளும். கடைசி ஒரு மீட்டர் லைனை நகத்தால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு யூனி முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கிப் போடுங்கள்.

எஸ்-வேவரை ஓட்ட ராடை ஆட்ட வேண்டாம். நுனியைத் தண்ணீர் பக்கம் தாழ்த்தி, ரீல் கைப்பிடியை அரைச் சுற்று சுற்றி நிறுத்துங்கள். தலை இடப்பக்கம் திரும்பி ஒரு முழம் வழுக்கிப் போகும். லைன் தளர்ந்ததும் அடுத்த அரைச் சுற்று, இப்போது வலப்பக்கம். இந்தத் தளர்வுதான் உயிர். லைனை விறைப்பாகவே வைத்திருந்தால் லூர் வழுக்காமல் நேராக இழுபடும். பெரிய பாஸ் பெரும்பாலும் கடிக்காது, பின்னாலேயே வரும். நிழல் தெரிந்ததும் திகைத்துப்போய் சுற்றுவதை நிறுத்திவிடுவது எல்லோரும் செய்கிற தவறு. இரண்டு சின்னச் சுற்று வெடுக்கென்று சுற்றி நிறுத்துங்கள். லூர் பின்னால் திரும்பி மீனைப் பார்க்கும். கடி விழுவது அந்தக் கணத்தில்தான். கரை விளிம்பிலிருந்து நான்கு அடி தள்ளி நில்லுங்கள், போலரைஸ்டு கண்ணாடி போடுங்கள். காலடி வரை வரும் மீன் உங்கள் நிழலைப் பார்த்தே திரும்பிவிடும்.

கடி விழுந்தால் உடனே வெட்டி இழுக்காதீர்கள். எடை ஏறும் வரை சுற்றி, பிறகு ராடைப் பக்கவாட்டில் வீசி இழுங்கள்.

கசிடாஸ், டிக்சன்

கேஸ்டெய்க்கிலிருந்து 126-ம் நெடுஞ்சாலையில் மேற்கே வென்சுரா போய், 33-ல் வடக்கே ஏறினால் கசிடாஸ். 1980-ல் ரே ஈஸ்லி 21 பவுண்டுக்கு மேற்பட்ட பாஸை இங்கே பிடித்தார். குடிநீர் ஏரி என்பதால் தண்ணீரில் இறங்க அனுமதியில்லை. வெளிப்படகுகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. 2024 அக்டோபரில் சாக்ரமெண்டோ-சான் வாகின் ஆறுகளின் டெல்டா பகுதியில், படகில் ஒட்டிப் பரவும் தங்கநிற மஸ்ஸல் சிப்பி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு மாநிலத்தின் பல ஏரிகளில் படகுச் சோதனை கடுமையாகிவிட்டது. கையில் காசு குறைவாக உள்ளவருக்கு இது ஒரு வகையில் வசதி: கரையிலிருந்து வீசுங்கள், அல்லது ஏரியிலேயே வாடகைப் படகு எடுங்கள்.

போகும் காலம் முக்கியம். முட்டையிடும் காலத்துக்கு முன், தண்ணீர் 11 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் வாரங்களே பெரிய பெண் மீன்கள் கரையை நெருங்கும் நேரம். டிரவுட் விடும் அட்டவணையை மாநில மீன்வளத் துறை இணையத்தில் வாராவாரம் போடுகிறது. லாரி வந்துபோன இறங்குதுறையை ஒட்டிய மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் விடிகாலை நில்லுங்கள். காற்று அடிக்கும் கரை இன்னும் நல்லது.

இந்த ஏரிகளின் அடி பாறை. ஹடில்ஸ்டனைக் கரைக்குச் செங்குத்தாக வீசாமல், கரையை ஒட்டிச் சாய்வாக வீசினால் லூர் ஒரே ஆழத்தில் நெடுந்தூரம் வரும், சிக்கலும் குறையும். சிக்கினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள். கொக்கி இன்னும் ஆழமாக இறங்கும். லைனைத் தளர்த்தி ராட் நுனியை நடுக்குங்கள். வரவில்லையா, நடந்து எதிர்க்கோணத்துக்குப் போங்கள். அதுவும் பலிக்காவிட்டால், லைனை இறுக்கிப் பிடித்து வில்நாண்போல் இழுத்துச் சட்டென்று விடுங்கள். அந்த அதிர்வில் லூர் பின்னோக்கித் தெறித்துக் கழலும். படகு, பாலம், உயர்ந்த பாறை போன்ற இடத்திலிருந்து வீசினால் 6 அவுன்ஸ் ஈயக்குண்டில் பெரிய ஸ்னாப் (திறந்து மூடும் கம்பி வளையம்) கோர்த்து லைன் வழியாக வழுக்கி விடுங்கள். டங்கென்று மூக்கில் போய் இடிக்கும், லூர் விடுபடும். தாழ்ந்த கரையில் லைன் படுத்துக் கிடப்பதால் குண்டு இறங்காது. சில டாலரில் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய இந்தக் குண்டுதான் என் பார்வையில் பையிலேயே அதிக மதிப்புள்ள பொருள்.

சான் டியேகோவுக்கு வடக்கே எஸ்கொண்டிடோ நகரின் டிக்சன் ஏரி மிகச் சிறியது. 2006-ல் மாக் வீக்லி 25 பவுண்டு காட்டிய பாஸை இங்கே தூக்கினார். கொக்கி வாய்க்கு வெளியே மாட்டியிருந்ததால் சாதனைக்கு விண்ணப்பிக்காமல் திரும்ப விட்டுவிட்டார். அந்த அளவு மீனைக் கீழ்த்தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் தாடை விலகும். மறு கையால் வயிற்றைத் தாங்கிக் கிடையாகப் பிடியுங்கள். ரப்பர் வலை, நீள்மூக்கு இடுக்கி, கொக்கி வெட்டும் கட்டர் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கிளியர் லேக்

ஐ-5-ல் வில்லியம்ஸ் வரை வடக்கே போய், 20-ல் மேற்கே திரும்பினால் கிளியர் லேக். முழுவதும் கலிபோர்னியாவுக்குள்ளேயே இருக்கும் இயற்கை நன்னீர் ஏரிகளில் இதுதான் பெரியது. ஆழம் குறைவு, கரையெங்கும் கோரைப்புல். இங்கே டிரவுட் நிறம் வேண்டாம். ஹிட்ச் என்ற உள்ளூர் வெள்ளி மீன், ப்ளூகில் என்ற தட்டையான சிறு மீன் ஆகியவற்றின் நிறம் எடுபடும். ஜிக்ஹெட்டைக் கழற்றிவிட்டு, வயிற்றில் 1/8 அவுன்ஸ் எடை ஏற்றிய 6/0 அகலக் கொக்கியில் கைடெக்கைக் கோர்த்து முனையை முதுகுத் தோலுக்குள் மறைத்துவிட்டால், புல்லுக்குள் நுழைந்து வெளியே வரும்.

கிளம்பும்போது லூர்களைத் துடைத்து நன்றாகக் காயவைத்துத் தனித்தனியே வையுங்கள். மென்பிளாஸ்டிக்கும் கடின பிளாஸ்டிக்கும் காரின் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் இரண்டும் உருகிவிடும். மென்பிளாஸ்டிக்கை வந்த அச்சுறையிலேயே வால் மடங்காமல் வையுங்கள். மடங்கிய வால் ஆடாது. மடங்கிவிட்டால் கொதிநீரில் சில நொடி முக்கி, நிமிர்த்திப் பிடித்துக் குளிர்நீரில் விடுங்கள். கிழிசலைச் சூப்பர் க்ளூ மூடும். செருப்பு, வலை, நீரில் நனைந்த கயிறு எல்லாம் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த ஏரியில் இறங்க வேண்டும். சிப்பிக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஈரத்தில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.