பற்றவைப்பதா, மாற்றுவதா

எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மேஜையில் வைத்ததுமே வண்டிக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க, விரிசலை வெல்டிங் வெச்சுப் பத்தவெச்சா ஓடுங்களா, புதுசு வாங்கோணுங்களா?" பவானியில் ஹெட் வேலை பார்க்கிற எனக்கு, விரிசலை மட்டும் பார்த்துப் பதில் சொல்வதில் உடன்பாடு கிடையாது. அந்த ஹெட் எவ்வளவு சூடு கண்டிருக்கிறது, இனி எந்தச் சாலையில் ஓடப்போகிறது, மறுபடி கோளாறானால் வண்டி எங்கே நிற்கும், இதெல்லாம் தெரிந்தால்தான் பேச முடியும்.

முதலில் சோதனை. கார்பனையும் எண்ணெயையும் சுத்தமாக எடுத்துவிட்டு, வால்வுகள் உட்காரும் வளையங்களான சீட்டுகளைச் சுற்றிச் சிவப்புச் சாய மருந்தை அடிப்போம். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளை மருந்தை அடித்தால், காற்று உள்ளே வரும் இன்லெட் சீட்டுக்கும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் நடுவே உள்ள குறுகலான இடத்தில் சிவப்பாக ஒரு நூல் மெல்ல எழும்பி வரும். அந்த நூல் மேலோடு நிற்கிறதா, ஹெட்டைக் குளிர்விக்க உள்ளே தண்ணீர் ஓடும் வழிவரை போகிறதா என்பதைச் சாயம் சொல்லாது. அதற்குத் தண்ணீர் ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, சுடுதண்ணீரில் முக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் போதாது. சில விரிசல்கள் சூடேறினால்தான் வாய் திறக்கும்.

ஒரே வாரத்தில் இரண்டு வார்ப்பிரும்பு ஹெட்கள் வந்தன. ஒன்று தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் வண்டியுடையது. சீட்டுகளுக்கு நடுவே மட்டும் விரிசல். தண்ணீர் வழியைத் தொடவில்லை. இந்த மாதிரி மயிரிழை விரிசலைச் சில டீசல் எஞ்சின்களில் கம்பெனிக்காரர்களே ஓரளவுவரை அனுமதிக்கிறார்கள். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு என்றதும் பயப்படத் தோன்றும். ஆனால் அந்த வண்டி பாரத்தோடு இறங்கும், ஏறும்போது பெரும்பாலும் காலி. எஞ்சினுக்குப் பெரிய இழுவை இல்லை. கோளாறு என்றாலும் அன்றைக்கே பட்டறைக்கு வந்துவிடும். பற்றவைக்கலாம் என்றேன்.

இன்னொன்று திருச்செங்கோட்டு ரிக் வண்டியுடையது. ராஜஸ்தானுக்கு ஆழ்துளைக் கிணறு போடக் கிளம்ப வேண்டிய நேரம். விரிசல் சீட்டிலிருந்து டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஓட்டைவரை ஓடியிருந்தது. சுடுதண்ணீரில் முக்கியதும் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. உரிமையாளர் பெரியவர், "தம்பி, போன தடவையும் பத்தவெச்சுத்தானே ஓட்டுனோம்?" என்றார். "அதனாலதாங்க ஐயா வேண்டாங்கறேன். அங்க நின்னா ஹெட் காசு மட்டுமா போகும்? ரிக்கு, ஆளுங்க, சாப்பாடு எல்லாம் சும்மா நிக்குங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் புது ஹெட்டுக்கே சொன்னார்.

வார்ப்பிரும்பில் பற்றவைப்பது பொறுமை கேட்கிற வேலை. ஹெட் முழுவதையும் சீராகச் சூடேற்றி, நிக்கல் ராடில் பற்றவைத்து, சாம்பலுக்குள் புதைத்து மறுநாள்வரை ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால், பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே 'டிக்' என்று சத்தம் கேட்கும். அங்கே புது விரிசல். தாளவாடி வண்டிக்கு இதையெல்லாம் செய்து, புது சீட் அடித்து, மறுபடி சுடுதண்ணீரில் முக்கிப் பார்த்த பிறகே கொடுத்தேன்.

கார்களில் வரும் அலுமினிய ஹெட்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், வளைந்துவிடும். பல சின்னக் கார்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவுதான் எல்லை. "ஒரு பேஸிங் போட்டுக் குடுங்க" என்பார்கள்; அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவுவதுதான் பேஸிங். அடிப்பக்கம் வளைந்திருந்தால் மேலே வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் உட்காரும் வரிசையும் வளைந்திருக்கும். அடியை மட்டும் சீவிவிட்டால் மேல் வளைவு அப்படியே இருக்கும். அதனால் கேம்ஷாஃப்டைப் பிடிக்கும் கேப்புகளை முறுக்கி, கேமைக் கையால் சுற்றிப் பார்ப்பேன். இறுக்கிப் பிடித்தால் பேஸிங் மட்டும் போதாது. ரொம்பச் சூடு கண்ட ஹெட்டில் உலோகமே மென்மையாகிவிடும். கடினம் அளந்து பார்த்துக் குறைவாக இருந்தால், மேலே எவ்வளவு அழகாகச் சீவினாலும் ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் நிற்காது. மாற்றத்தான் வேண்டும்.

எதைச் செய்தாலும் ரேடியேட்டரையும் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். நம் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கூலன்ட் ஊற்றாமல் அதையே ஊற்றி ஓட்டினால் ட்யூப்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்யாமல் புது ஹெட் மாட்டினால் அதுவும் விரிசல் விடும். டிரைவர்களிடம் இன்னொன்றும் சொல்வேன்: தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சூடு காட்டும் மீட்டர் முள் ஏறாமல்கூட இருக்கலாம்; சென்சாரைத் தொடத் தண்ணீரே இருக்காது. முள்ளை மட்டும் நம்பி ஓட்ட வேண்டாம்.

அப்புறம், காசு கம்மி என்று உடைப்புக் கடையில் பழைய ஹெட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்பே சோதனைக்குக் கொண்டுவாருங்கள். சோதிக்கக் கொடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், அந்த ஹெட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.