நதி உருட்டிய கல்லால் ஒரு மலை

நேபாள எல்லையிலுள்ள ஹில்சாவில் ஹெலிகாப்டரை விட்டு இறங்கியதும் காதை நிறைத்தது கர்னாலி ஆற்றின் இரைச்சல். பாலத்தைக் கடந்தால் திபெத். இந்த நீர் தெற்கே இறங்கி, காக்ரா என்று பெயர் மாறி, கங்கையில் கலக்கப்போகிறது. நாங்கள் அது வந்த திசை நோக்கி ஏறப்போகிறோம். என் கயிலை யாத்திரை அந்தப் பாலத்திலேயே தொடங்கிவிட்டது.

புராங்கில் தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொண்டு பஸ்ஸில் கிளம்பினோம். முதலில் தென்பட்டது ராட்சசத் தால், இராவணன் தவமிருந்ததாகச் சொல்லப்படும் ஏரி. அதற்குக் கிழக்கே, ஒரு மேட்டுக்கு அப்பால் மானசரோவர். நடுவில் கங்கா சூ என்று ஒரு சிறு கால்வாய். மானசரோவர் நிறைந்தால் அதன் வழியே மிச்ச நீர் ராட்சசத் தாலுக்கு வழியும். வழிய விடுகிற ஏரி நன்னீர். வாங்கித் தேக்கிக்கொள்கிற ஏரி உவர்நீர். புராணம் எதுவும் தெரியாதவருக்குக்கூட இந்த இரண்டும் அருகருகே கிடப்பது மனத்தைத் தைக்கும்.

மானசரோவர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,590 மீட்டரில் இருக்கிறது; பரப்பு சுமார் 410 சதுர கிலோமீட்டர். இறங்கி முழுக அனுமதி இல்லை. கரையில் வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டோம். குளிர் எலும்பைத் தொட்டது. தெற்கே 7,694 மீட்டர் உயர குர்லா மாந்தாதா, வடக்கே திருக்கயிலை. எங்கள் குழுவில் 65 வயது அம்மா ஒருவர், திருவையாற்றுக்காரர். ஈரத்தோடு நின்று திருவைந்தெழுத்து ஓதியவரின் குரல் நடுங்கவே இல்லை.

திபெத்தியர் இந்த வட்டாரத்து நதிகளுக்கு முகம் வைத்திருக்கிறார்கள்: வடக்கே சிங்கமுகத்தில் சிந்து, மேற்கே யானைமுகத்தில் சட்லெஜ், கிழக்கே குதிரைமுகத்தில் பிரம்மபுத்திரா, தெற்கே மயில்முகத்தில் நாங்கள் பாலத்தில் கடந்த கர்னாலி. நான்கும் கயிலையின் காலடியிலேயே ஊறவில்லை, சுற்றுவட்டாரத்தில் பிறக்கின்றன. சிந்துவும் பிரம்மபுத்திராவும் எதிரெதிர்த் திசையில் ஓடி, இமயத்தின் இரு முனைகளையும் வளைத்துக்கொண்டு இரு கடல்களில் சேர்கின்றன.

மலையை வலம்வரும் பரிக்கிரமாவின் முதல் நாள் லா சூ பள்ளத்தாக்கில் நடந்தபோது, சரிந்து கிடந்த ஒரு பாறையைத் தொட்டுப் பார்த்தேன். கடலை உருண்டையில் கடலை பதிந்திருப்பதுபோல அதில் கூழாங்கற்கள் பதிந்திருந்தன. 1936இல் யாத்திரிகர் வேடத்தில் இங்கே வந்த சுவிட்சர்லாந்து நிலவியலாளர் அகஸ்டோ கான்சர் ஆராய்ந்த பாறை இதுதான். பழைய ஆறுகள் உருட்டிவந்து குவித்த கற்கள் இறுகி, அடுக்கடுக்காக உயர்ந்து, 6,638 மீட்டர் மலையாக நிற்கின்றன. நதிகள் பிறக்கும் நாட்டில் நடுநாயகமாக நிற்கும் மலையே நதிகள் கொண்டுவந்த கல். கையை எடுக்க மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் டோல்மா லா கணவாய். சுமார் 5,630 மீட்டர். பத்து அடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். நான் ஒரு கல்லில் சாய்ந்து நின்றபோது அம்மா வந்து என் தோளைத் தொட்டார்.

“கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தார் அப்பர் பெருமான். நமக்குக் கால் இருக்கிறதே தம்பி, எழுந்திரு.”

அப்பரைக் கயிலை வரை வரவிடாமல், ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச்செய்தார் இறைவன் என்பது வரலாறு. கணவாயைத் தாண்டியதும் கீழே கௌரி குண்டம் என்னும் சிறு ஏரி பாதி உறைந்து, பச்சையாகக் கிடந்தது. அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய மறுவாரம் அவரோடு திருவையாறு போனேன். மானசரோவர் நீர் இருந்த செம்பை வழிநெடுக மடியிலேயே வைத்திருந்தார். குளத்தின் படியில் இறங்கி, கடைசிச் சொட்டு வரை அதில் ஊற்றினார்.